தொற்றுக்காலத்து அரசதிகாரம்: கிள்ளான், காப்பார் வட்டார அனுபவம்

கொள்ளைநோய் பரவும் காலத்தில், மற்ற நாள்களில் கேட்கத் துணியாத ஒன்றை அரசு மக்களிடம் கேட்கிறது. வீட்டை விட்டு வெளியே வராதே, கடையைத் திறக்காதே, கோயிலுக்குப் போகாதே, இறந்தவரின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காதே என்கிறது. இப்படிக் கட்டளையிடும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, யாருடைய உயிரைக் காக்கச் செலுத்தப்படுகிறது, அதைச் செலுத்துகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பவை அரசியல் கோட்பாட்டின் மிகப் பழைய கேள்விகள். மலேசியாவில் 2020 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை அவை அன்றாடக் கேள்விகளாயின. சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான், மேரு, காப்பார் வட்டாரத்தில் அவற்றின் அழுத்தம் இன்னும் அதிகம். துறைமுகமும் ரப்பர் தோட்டமும் கையுறைத் தொழிற்சாலையும் தொழிலாளர் விடுதியும் அடுத்தடுத்து அமைந்த இந்த மண்ணில், நோய்க்கும் அரசுக்கும் இடையிலான உறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

மலேசியாவில் முதல் கோவிட் நோயாளிகள் கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 25-இல். அடுத்த ஐந்து வாரங்களில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிப்ரவரி 24-இல் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 1-இல் முகிதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். அவர் பதவியேற்ற அதே நாளில்தான், ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் ஏறத்தாழ 16,000 பேர் கூடிய தப்லீக் மாநாடும் நிறைவுற்றது. முதல் பெரும் பரவல் அங்கிருந்து தொடங்கியது. மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கான சட்டபலம் 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தும் 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்திலிருந்தும் பெறப்பட்டது. பொதுத்தேர்தலில் மக்களிடம் ஆணை பெறாத அமைச்சரவை ஒன்று, நாடு அதுவரை கண்டிராத கட்டுப்பாட்டை விதித்தது. மக்களும் பெரும்பாலும் கீழ்ப்படிந்தார்கள். இந்தக் கீழ்ப்படிதலுக்கு என்ன காரணம்?

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸிடம் இதற்கு ஒரு விடை உண்டு. பண்டைய ஏதென்ஸ் நகரைச் சீரழித்த கொள்ளைநோயை விவரிக்கும் துசிடிடீஸின் வரலாற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர். 1651-இல் வெளிவந்த அவருடைய ‘லெவியாத்தன்’ நூலின் முகப்புப் படம் பலருக்கும் அறிமுகமானது: சிறுசிறு மனித உருவங்களால் ஆன உடலோடு ஒரு பேரரசன் மலைகளுக்குப் பின்னால் எழுந்து நிற்கிறான். அவனுக்குக் கீழே விரியும் நகரம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடப்பது பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். தெருவில் படைவீரர் சிலர். தேவாலயத்தின் அருகே அலகு போன்ற முகமூடி அணிந்த இரு சிறு உருவங்கள். அவர்கள் கொள்ளைநோய் மருத்துவர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஹாப்ஸின் வாதம் எளியது. உயிருக்கு அஞ்சும் மனிதர்கள் தங்கள் சுதந்திரத்தின் பெரும் பகுதியை அரசிடம் ஒப்படைக்கிறார்கள். அதற்கு ஈடாக அரசு அவர்களுடைய உயிரைக் காக்கிறது. காக்கும் திறன் அரசிடம் இருக்கும்வரைதான் கீழ்ப்படியும் கடமையும் இருக்கும். ஹாப்ஸைச் சர்வாதிகாரத்தின் வழக்கறிஞராக மட்டும் வாசிப்பவர்கள் இந்த நிபந்தனையைக் கவனிப்பதில்லை. மலேசிய அனுபவத்தில் மிக முக்கியமாகிப்போனது இந்த நிபந்தனையே.

அதே நூற்றாண்டின் இன்னோர் ஆங்கிலச் சிந்தனையாளரான ஜான் லாக்கின் பார்வை வேறு. சட்டத்தில் வழி சொல்லப்படாத நேரத்தில் ஆட்சியாளர் பொதுநலனுக்காகத் தம் மதிப்பீட்டின்படி நடக்கலாம் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். தீப்பிடித்த வீட்டுக்கு அடுத்த வீட்டை இடிக்க நேர்ந்தால், அதற்குச் சட்டவிதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அந்த விருப்புரிமை பொதுநலனுக்குத்தான் பயன்பட்டதா என்று பின்னால் தீர்ப்புச் சொல்லும் உரிமை மக்களிடமே இருக்கிறது. மக்களின் பிரதிநிதிகள் கூடும் அவைதான் அந்தத் தீர்ப்பின் வழக்கமான இடம். மலேசிய நாடாளுமன்றம் 2020 மே 18-இல் ஒரே ஒரு நாள் கூடி, மாமன்னர் உரையோடு கலைந்தது. விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் நிலைமை இன்னும் சிக்கலானது. சபா மாநிலத் தேர்தலுக்குப் பின் தொற்று மறுபடியும் ஏறியது. முகிதீன் அவசரநிலைப் பிரகடனம் கோரினார். மலாய் ஆட்சியாளர்களுடன் கலந்தாலோசித்த மாமன்னர், அக்டோபர் 25-இல் அதற்குத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். அரசாங்கத்துக்கு நாடாளுமன்றப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற ஐயம் வலுத்திருந்த நேரம் அது. பதினோரு வாரங்களில் முடிவு மாறியது. 2021 ஜனவரி 12-இல், ஆகஸ்ட் 1 வரை நீடிக்கும் அவசரநிலை பிரகடனமாயிற்று. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் கூடவில்லை, தேர்தல்களும் நிறுத்தப்பட்டன.

அரசமைப்பின் 150-ஆவது பிரிவு பாதுகாப்பு, பொருளாதார வாழ்வு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு நேரும் கடும் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறது. பொதுச் சுகாதாரம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. இந்தப் பிரிவுக்கு இந்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. இந்தோனேசிய மோதலின்போது 1964-இலும், இனக்கலவரத்தைத் தொடர்ந்து 1969 மே 15-இலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1969-இல் முடக்கப்பட்ட நாடாளுமன்றம் மீண்டும் கூடியது 1971 பிப்ரவரியில்தான். அந்தப் பிரகடனமோ 2011 வரை நீக்கப்படாமலே கிடந்தது; அதன் கீழ்ப் பிறந்த தடுப்புக்காவல் ஆணை நாற்பதாண்டுக் காலம் பலரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தது. அவசரநிலையை நீதிமன்றம் கேள்வி கேட்கும் வழியையும் 1981-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. ஆகவே அவசரநிலை என்ற சொல்லைக் கேட்டதும் மலேசியர் பலருக்கு மருத்துவமனை நினைவுக்கு வருவதில்லை.

விதிவிலக்கான நிலை வந்துவிட்டதா என்பதை முடிவு செய்பவரே உண்மையான இறையாளர் என்று ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் 1922-இல் வாதிட்டார். பின்னர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். அவருடைய வாதத்தைக் கையில் எடுக்கும் எவரும் அதை மறக்கலாகாது. மலேசியாவின் 2020, 2021 அனுபவம் ஷ்மிட்டின் சூத்திரத்துக்கு எளிதில் பிடிபடுவதாக இல்லை. கோரியவர் பிரதமர், ஒருமுறை மறுத்து மறுமுறை இசைந்தவர் மாமன்னர், இடையில் ஆட்சியாளர்களின் கூட்டம், அவசரநிலை தொடர்வது தேவையா என்று ஆலோசனை கூற முன்னாள் தலைமை நீதிபதி அரிஃபின் சக்காரியா தலைமையில் ஒரு சுயேச்சைக் குழு. முடிவெடுக்கும் இடம் ஒரே கையில் இருக்கவில்லை. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கு மட்டும் அந்த வட்டத்துக்குள் இடமில்லாமல் போனது.

இதன் பொருள் என்ன என்பதைக் காப்பார் தொகுதியை வைத்தே பார்க்கலாம். 2013 பொதுத்தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்டிருந்த தொகுதி காப்பார்: 144,159 பேர். அதே தேர்தலில் புத்ராஜெயாவில் சுமார் 16,000 பேர்தான். ஒன்பது புத்ராஜெயாக்களுக்குச் சமமான மக்களுக்கு அவையில் ஒரே ஒரு குரல்! எல்லை மறுசீரமைப்புக்குப் பின்னும் காப்பார் பெரிய தொகுதியாகவே நீடித்தது. அவை கூடாதபோது அந்த ஒரு குரலும் போயிற்று. கிள்ளானில் படுக்கை ஏன் போதவில்லை, தடுப்பூசி ஏன் தாமதம், மேருவிலுள்ள தொழிற்சாலைகளில் சோதனை நடக்கிறதா என்று அமைச்சரை எழுந்து கேட்க மன்றமே இல்லை. 2021 ஏப்ரலில், தடுப்பூசிச் செலவுக்காகத் தேசிய அறக்கட்டளை நிதியைப் பயன்படுத்த வழிசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் எதிர்காலத் தலைமுறைக்கென்று சேர்த்துவைத்த பணத்தைத் தொடுவதற்கு மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் தேவைப்படவில்லை என்பது லாக்கின் கண்ணுக்கு மிகப் பெரிய பிழையாகத் தெரிந்திருக்கும். பொய்ச் செய்திக்கு எதிரான இரண்டாம் அவசரச் சட்டம் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 12 முதல் நடப்புக்கு வந்துவிட்டது.

நோய்க்காலத்தில் அவை கூடுவது ஆபத்து என்ற வாதம் நிற்காது. நியூசிலாந்தில் நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டபோது, எதிர்க்கட்சித் தலைவரையே தலைவராகக் கொண்ட சிறப்புக் குழு ஒன்று 2020 மார்ச்சில் அமைந்தது. அமைச்சர்கள் காணொளி வழியே அதன்முன் பதில் சொன்னார்கள். தமிழ்நாட்டில் கோட்டையிலுள்ள மன்றத்தில் இடைவெளி விட்டு அமர வழியில்லை என்றதும், 2020 செப்டம்பர் 14-இல் சட்டமன்றம் கலைவாணர் அரங்கத்துக்கு இடம் மாறிக் கூடியது. மனம் இருந்தால் இடம் கிடைக்கும். காப்பார் மக்களுக்கு 2005 ஆகஸ்ட் நினைவிருக்கும். புகைமூட்டம் தாங்க முடியாத அளவை எட்டியபோது கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்று தெளிந்ததும் ஓரிரு நாளில் அது நீக்கப்பட்டது. எந்த மன்றமும் மூடப்படவில்லை.

அதிகாரத்தின் மூலம் பற்றிய கேள்வியோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். யாருடைய உயிர் காக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ துணைக்கு வருகிறார். நோயை எதிர்கொண்ட விதத்தைக் கொண்டே ஆட்சிமுறைகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒரு முறை. கொள்ளைநோய் வந்த நகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டையும் பூட்டி, கணக்கெடுத்துக் காவல் காப்பது இன்னொன்று. பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்டு, எத்தனை பேருக்கு வரலாம் என்று கணித்து, மொத்த மக்கள்தொகையையும் ஓர் உடலாக நிர்வகிப்பது மூன்றாவது.

மூன்றாவது முறையின் தொடக்கக் கால உதாரணம் ஒன்று கிள்ளானிலேயே இருக்கிறது. 1901-இல் இங்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) மலேரியா தாண்டவமாடியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைக்கவும் காட்டை வெட்டவும் அரசைத் தூண்டினார். ஓரிரு ஆண்டுகளில் மரணம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் தோட்டங்களுக்கும் அந்தப் பணி விரிந்தது. பல்லாயிரம் தமிழர்கள் அதனால் உயிர் பிழைத்தார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் துறைமுகம் ஓட வேண்டும், ரப்பர் பால் வடிய வேண்டும் என்ற கணக்கு அந்தக் கருணையோடு சேர்ந்தே வந்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாமில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி வந்து, மறுகரையில் மீண்டும் தனிமை முகாமில் அடைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்குத் தனிமைப்படுத்தல் என்பது 2020-இல் தோன்றிய புதுமை அன்று. உழைக்கும் கையாக மட்டும் எண்ணப்பட்டவரின் உடல்நலம், அந்தக் கைக்கு வேலை இருக்கும்வரையில்தான் அரசின் கவலையாக இருந்தது.

நூறாண்டுக்குப் பின், அதே வட்டாரத்தில், அதே ரப்பர் பாலின் வழிவந்த தொழிலில், வேறு நாட்டுத் தொழிலாளர்களுக்கு இது திரும்ப நேர்ந்தது. உலகமே கையுறைக்குத் தவித்த 2020-இல், அந்தத் துறையின் மிகப் பெரிய உற்பத்தியாளரான டாப் குளோவ் நிறுவனத்தின் மேரு தொழிற்சாலைகளைச் சுற்றி நவம்பரில் ‘தெராத்தாய்’ தொற்றுத்திரள் வெடித்தது. விடுதிகளைச் சுற்றிக் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூடுவதாக அறிவிப்பு வந்தது. 5,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து, நெருக்கமான விடுதி அறைகளில் வாழ்ந்தவர்கள். சில மாதங்களுக்கு முன், ஆலையில் இடைவெளியின்றிக் கூட்டம் நிற்பதைப் படம் எடுத்து வெளியே சொன்ன நேப்பாளத் தொழிலாளர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை, கீழே நடப்பது மேலே தெரிந்துவிடுவதே காரணம் என்று அமர்த்தியா சென் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். மேருவில் அந்தத் தகவல் ஒரு கைத்தொலைபேசியில் இருந்தது. அதைக் காட்டியவருக்குத்தான் வேலை போயிற்று.

இதில் ஒரு சட்டத்தின் கதை கவனத்துக்குரியது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446-ஆவது சட்டம் 1990-ஆம் ஆண்டினது. தோட்டத்து லயங்களையும் சுரங்கக் குடியிருப்புகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. லயத்து வாழ்க்கையின் நீண்ட துயரத்திலிருந்து பிறந்த அந்தப் பாதுகாப்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம்தான் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. 2020-இல்தான் நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டின் முடிவில், வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சட்டப்படியான குடியிருப்பு இல்லை என்பதை மனிதவள அமைச்சே வெளியிட்டது. அப்போது மனிதவள அமைச்சர் டத்தோஸ்ரீ எம். சரவணன். 2021 பிப்ரவரியில் இந்தச் சட்டத்தைக் கடுமையாக்க அவசரகால அதிகாரமே பயன்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவசர அதிகாரத்தால் எளியவருக்கு நன்மையே விளையாது என்று சொல்வதற்கில்லை. அந்த நன்மை நிலைக்க வேண்டுமானால் அது சாதாரணச் சட்டமாக வேண்டும், அவ்வளவே. சிங்கப்பூரில் இதே பாடம் இன்னும் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் உட்பட விடுதிகளில் வாழ்ந்த சுமார் 323,000 தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினரை 2020 டிசம்பருக்குள் தொற்று எட்டியிருந்தது.

ஃபூக்கோவின் முதலிரு முறைகள் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்து அரங்கேறின. 2020 ஏப்ரல் 7-இல் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் அடுக்ககங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. உள்ளே இருந்தவர்களில் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். வீடு வீடாகச் சோதனை. வேலிக்கு அப்பாலிருந்து உணவு. இதுவரை கொள்ளைநோய் நகரத்தின் முறை. மே 1-இல் அதே பகுதியில் குடிநுழைவுத் துறையின் சோதனை நடந்தது. ஆவணமற்றோர் நூற்றுக்கணக்கில், குழந்தைகள் உட்பட, லாரியில் ஏற்றப்பட்டார்கள். சோதனைக்கு வந்தால் பிடிக்கமாட்டோம் என்ற உறுதிமொழி அதற்கு முன் தரப்பட்டிருந்தது. இது தொழுநோயாளியை விரட்டும் முறை. அதன்பின் யார் சோதனைக்கு வருவார்கள்? ஒரு வருடம் கழித்துத் தடுப்பூசித் திட்டத்தின் ஒருங்கிணைப்பு அமைச்சர் கைரி ஜமாலுதீன், ஆவணமற்றோரும் அச்சமின்றி ஊசி போட வரலாம் என்றார். அதே 2021 ஜூனில் குடிநுழைவுச் சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. ஒரு கை அழைக்க, மறு கை பிடித்தது. நோய்க்கிருமி கடப்பிதழ் பார்ப்பதில்லை என்பதை அறிந்த அரசு, கடப்பிதழ் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

கட்டுப்பாடுகளை மீறியோருக்கான அபராதங்களைப் பொறுத்தவரை, 1859-இல் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் முன்வைத்த அளவுகோல் இன்றும் பயன்படும்: பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரின் சுதந்திரத்தில் கைவைக்கலாம். தொற்றுக்காலத்தில் இது கட்டுப்பாடுகளுக்கு ஆதரவான வாதமே. மூச்சுக்காற்றே பிறருக்குத் தீங்காகும்போது முகக்கவசத்தை மில் எதிர்த்திருக்க மாட்டார். ஆனால் தீங்கின் அளவும் தண்டனையின் அளவும் பொருந்த வேண்டும். ஆளுக்கு ஆள் மாறவும் கூடாது. 2020 ஜூலையில் கெடாவில் பரவிய ஒரு தொற்றுத்திரளுக்குச் சிவகங்கை என்றே பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பித் தனிமைப்படுத்தலை மீறிய உணவகக்காரருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. அதே மாதம் துருக்கியிலிருந்து திரும்பித் தனிமைப்படுத்தலில் இருக்காமல் நாடாளுமன்றத்துக்கே வந்த அமைச்சர் ஒருவர் 1,000 ரிங்கிட் கட்டினார். அவர்மீது வழக்கில்லை என்று பின்னர் முடிவாயிற்று. 2021 மார்ச் 11 முதல் அவசரச் சட்டத்தின்படி தனியாருக்கான அபராதம் 10,000 ரிங்கிட் வரையும், நிறுவனங்களுக்கு 50,000 ரிங்கிட் வரையும் உயர்ந்தது. கிளந்தானில் நேரம் கடந்து கடை வைத்திருந்த பர்கர் வியாபாரி ஒருவர் கையில் 50,000 ரிங்கிட்டுக்கான அபராதச் சீட்டு கொடுக்கப்பட்டது. தள்ளுவண்டியில் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க எத்தனை வருடம் ஆகும் என்று சீட்டெழுதியவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அவசரநிலை இத்தனை அதிகாரத்தைத் தந்தும் தொற்று அடங்கவில்லை. 2021 ஜூன் 1-இல் முழு முடக்கம் வந்தது. ஜூலை தொடக்கத்தில் சிலாங்கூரின் பெரும்பகுதியில் மேலும் இறுக்கம் கூடியது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் அந்த ஜூலையில் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. நோயாளிகள் நடைவழிகளிலும் மடக்குக் கட்டில்களிலும் கிடந்தார்கள். கொள்ளைநோய் என்பது அரசுகள் விதிவிலக்கு நிலையை வழக்கமாக்கக் கண்டுபிடித்த சாக்கு என்ற தொனியில் 2020 பிப்ரவரியில் எழுதிய இத்தாலியச் சிந்தனையாளர் ஜார்ஜோ அகம்பென் எவ்வளவு தவறினார் என்பதற்கு அந்த நடைவழி சாட்சி. அதிகாரம் தனக்குக் கிடைத்ததை எளிதில் திருப்பித் தராது என்ற அவருடைய எச்சரிக்கை மட்டும் தவறாகவில்லை.

ஜூன் இறுதியில் வீட்டு வாசல்களில் வெள்ளைக் கொடிகள் தோன்றின. அரிசி தீர்ந்துவிட்டது, உதவி தேவை என்பதற்கு அதுவே அடையாளம். அக்கம்பக்கத்தார் மளிகைப் பொட்டலங்களோடு வந்தார்கள். அரசு அலுவலகத்துக்கு முன்பே அண்டை வீடு வந்து சேர்ந்தது. ஹாப்ஸின் நிபந்தனை இங்கேதான் உடைகிறது. வெளியே போகாதே என்று சொல்லும் அதிகாரம் உள்ளே உலை கொதிக்கிறதா என்று பார்க்கத் தவறினால், அந்த ஆணைக்குக் கீழ்ப்படியும் கடமை தேய்ந்துபோகிறது. ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 31-இல் இளைஞர்கள் கறுப்பு உடையில் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள்.

இடையில் அரசமைப்பு நெருக்கடி முற்றியது. நாடாளுமன்றம் விரைவில் கூட வேண்டும் என்று மாமன்னர் ஜூன் 16-இலேயே தெரிவித்திருந்தார். ஜூலை 26-இல் அவை கூடிய அன்று, அவசரச் சட்டங்கள் 21-ஆம் தேதியே ரத்தாகிவிட்டன என்று சட்ட விவகார அமைச்சர் தக்கியுடின் ஹசான் அறிவித்தார். அந்த ரத்துக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை என்று மூன்று நாள் கழித்து அரண்மனை வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. ஆகஸ்ட் 16-இல் முகிதீன் பதவி விலகினார். 21-இல் இஸ்மாயில் சப்ரி பிரதமரானார். அதே மாதம் 26-இல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவானது. தணிவு அதன்பின் வந்தது, தடுப்பூசியின் வேகத்தால்.

2021 டிசம்பரில், 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை நிரந்தரமாகப் பலமடங்கு உயர்த்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரே கையெழுத்தில் நடப்புக்கு வந்ததைப் போன்ற உயர்வுதான். இம்முறை உறுப்பினர்கள் எழுந்து பேசினார்கள். பர்கர் வியாபாரியின் பெயர் சொல்லாமலே அவருடைய கதை அவைக்குள் வந்தது. எதிர்க்கட்சியும் வழக்கறிஞர்களும் சிறுவணிகர்களும் ஆட்சேபித்தார்கள். அரசு தரப்பிலேயே தயக்கம் எழுந்தது. சுகாதார அமைச்சராகியிருந்த கைரி தொகைகளைக் குறைக்க முன்வந்தார். அப்படியும் அந்தக் கூட்டத்தொடரில் மசோதா வாக்கெடுப்புக்கு விடப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது.